நிமிடத்துக்கு ஆறு லிட்டர்

ஒண்டிப்புதூர்,
14 ஜூன் 2025, சனி

ஜெரோம்,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடுவீர்கள். கிழிப்பதற்கு முன் இரண்டாம் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அது உங்கள் மீன் தொட்டியைப் பற்றியது.

வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, தொட்டிக்குக் கீழே நிற்கும் அந்த நீளக் குழாயில், நீங்களே செய்து வைத்த புரோட்டீன் ஸ்கிம்மரில், நுரை இல்லை. அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தொட்டேன். சுட்டது. கருகிய வாடை வந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக்கு, நீங்கள் வாங்கும் மாரப்பன் கடைக்குப் போனேன். மோட்டாரின் மேலே இருந்த எழுத்தெல்லாம் உப்பில் அழிந்துவிட்டது. "மணிக்கு எத்தன லிட்டருங்க அக்கா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சலைன் பாட்டிலுக்கு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் சொல்லுவேன். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "சின்னதெல்லாம் நிக்காதுங்க. ரெண்டாயிரத்தப் போட்டு உட்டுருங்க, அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும்" என்றார். எது சரி என்று எழுதுங்கள்.

தொண்ணூறு நாளைக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் ஆலோசகர் படித்த பிறகு புதனும் சனியும்தான் கொடுப்போம் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். இன்று போட்டால் புதன்கிழமை உங்கள் கைக்கு வரும். உங்கள் பதில் எனக்கு வர அடுத்த சனி ஆகும். அதுவரை மீன் காத்திருக்குமா? மஞ்சள் மீன் இப்போதே மூலையில் போய் நிற்கிறது. பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை அந்த இரண்டாயிரத்தையே வாங்கி மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மெர்சி


வெள்ளகோவில்,
18 ஜூன் 2025

மெர்சிக்கு,

இரண்டாம் பத்தியைப் படித்தேன். அதற்கு மட்டும் பதில்.

இரண்டாயிரம் வேண்டாம். மாட்டியிருந்தால் இதைப் படித்ததும் நிறுத்து. பதினேழு வருடமாகக் கம்பெனியில் பம்பு டெஸ்ட் செய்கிறவன் வீட்டில், கடைக்காரன் சொன்னான் என்று பம்பு வாங்குகிறாய்.

அந்தக் குழாய் ஆறு லிட்டர் பிடிக்கும். அதற்குள் தண்ணீரும் காற்றுக் குமிழியும் சேர்ந்து நிற்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் மீன் கழிவு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக ஏறி, உச்சியில் உள்ள கோப்பையில் விழும். ஒட்டுவதற்கு நேரம் வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம். ஆறு லிட்டர் குழாய்க்கு நிமிடத்துக்கு ஆறு லிட்டர், மணிக்கு முந்நூற்று அறுபது. அவ்வளவுதான் கணக்கு. நம் தொட்டியில் மொத்தம் இருநூற்று எண்பது லிட்டர் தண்ணீர். மணிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூடவே முழுத் தண்ணீரும் உள்ளே போய் வந்துவிடும். இரண்டாயிரத்தை மாட்டினால் தண்ணீர் அரை நிமிடம்கூட உள்ளே நிற்காது. கழிவு ஒட்டாது. தண்ணீர் நேராகக் கோப்பையில் ஏறி வெளியே கொட்டும். மிகச் சின்னதைப் போட்டாலும் தவறு, குழாய்க்குள் வருகிற தண்ணீர் போதாமல் தொட்டியில் அழுக்கு சேரும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதே. தண்ணீரை உயரத் தூக்காமல் சும்மா தள்ளினால் வருகிற எண் அது. இரண்டடி தூக்க வைத்தால் பாதி காணாமல் போகும். ஆயிரம் என்று போட்டதை வாங்கு. குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிற இடத்தில் இரண்டு லிட்டர் ஜாடியைப் பிடி. இருபது விநாடியில் நிரம்ப வேண்டும். எத்தனை விநாடி என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்கு எழுத வருகிறது. தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை ஈரம். நான்கு பேர் உள்ளே வந்தார்கள். லுங்கியோடு வேனில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னைக் கேட்டிருந்தால் நானே வந்திருப்பேன். கையைத் துடைத்துக்கொள்ளவாவது விட்டிருக்கலாம்.

ஜெ.


ஒண்டிப்புதூர்,
22 ஜூன் 2025, ஞாயிறு

ஜெரோம்,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. வந்தவுடன் போய் ஆயிரத்தை வாங்கி மாட்டிவிட்டேன். மாரப்பன் இரண்டாயிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அண்ணன் சொன்னாச் சரிதானுங்க. அண்ணன் பம்புக்காரரு, நான் மீன்காரன்" என்றார்.

நடுவில் அந்தப் பெரியது மாட்டியிருந்த நாளில் கொஞ்சம் தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டேன். வேறொன்றும் இல்லை.

வார்டில் அளவு ஜாடி இருக்கும் அல்லவா, அதில் புதியது ஒன்று கேட்டு எடுத்து வந்தேன். இரண்டு லிட்டருக்குக் கோடு இருக்கிறது. நாடி பிடிக்கும் வாட்சை வைத்து மூன்று தடவை எடுத்தேன். பதின்மூன்று, பதின்மூன்று, பன்னிரண்டரை. உங்கள் இருபது வரவில்லை. என்ன செய்வது?

வேனைப் பற்றி. நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். ஜூன் ஆறாம் தேதி காலையில் வாஷ்பேசினில் ரத்தம் பார்த்தேன். கேட்டதற்கு "பீட்ரூட்டு" என்றீர்கள். அந்த வாரம் நாம் பீட்ரூட் வாங்கவே இல்லை. பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ரத்தவாந்தி எடுத்து வருகிற ஆண்களின் மனைவிகளை வராந்தாவில் உட்கார வைத்து, "தைரியமா இருங்க அம்மணி" என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் புருஷனோடு திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குடிமீட்பு மையத்துக்குப் போன் செய்தேன்.

கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்கிறீர்கள். தை மாதத்திலிருந்து கேட்டேனே ஜெரோம்.

அந்தத் தொட்டியைக் கட்டிய பதினான்கு மாதமும் நீங்கள் பாட்டிலைத் தொடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மற்ற ஆண்கள் எங்கே போவார்களோ அந்த நேரத்துக்கு நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பிறகு ஏன் தொட்டீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மெர்சி


வெள்ளகோவில்,
26 ஜூன் 2025

மெர்சிக்கு,

பதின்மூன்று விநாடி என்றால் மணிக்கு ஐந்நூற்றைம்பது. அதிகம். பம்பை மாற்ற வேண்டாம், குறைத்துக்கொள்ளலாம். பம்பிலிருந்து குழாய்க்குப் போகும் டியூபில் நீல நிற வால்வு இருக்கிறது. அதைக் கால் சுற்று மூடிவிட்டு ஜாடியைப் பிடி. மறுபடி கொஞ்சம். இருபது வரும்வரை. பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்காதே. பம்பு மூச்சு முட்டிக் கெட்டுப்போகும். தள்ளுகிற பக்கத்தை எவ்வளவு அடைத்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

இருபது வந்ததும் இரண்டு நாள் தொடாமல் விடு. பிறகு கோப்பையைப் பார். வெளிறிய தண்ணீர் நிறைய வந்தால் நுரை ஈரமாக ஏறுகிறது. கடுந்தேநீர் நிறத்தில் நாளைக்கு ஒரு விரல் அளவு வந்தால் சரி. என்ன நிறம் என்று எழுது.

இங்கே ஆலோசகர் நம் கடிதங்களைப் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சென்னிமலைக்காரர். கதவைச் சாத்திவிட்டு, "ஏனுங் ஜெரோம், நிமிசத்துக்கு ஆறு லிட்டருன்னு எழுதியிருக்குது. எதுங்க அது?" என்று கேட்டார். நானும் நீயும் ஏதோ சங்கேதத்தில் சரக்குக்கு ஏற்பாடு செய்வதாக நினைத்துவிட்டார். அரை மணி நேரம் பலகையில் படம் போட்டு விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "கழிவ நுரையாக்கி வெளிய எடுக்கறதுங்ளா? மனுசனுக்கு அப்புடியொண்ணு இருந்தா நான் வேலையவே உட்ருவனுங்க" என்றார். இங்கே வந்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

கை நடுக்கம் நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

பீட்ரூட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

ஜெ.


ஒண்டிப்புதூர்,
7 ஜூலை 2025, திங்கள்

ஜெரோம்,

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டார் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்ததால் வந்தேன். சிங்காநல்லூரில் ஆறே முக்காலுக்குக் கரூர் பஸ் ஏறினேன். பத்து மணிக்கு அங்கே இருந்தேன். உங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தப் பையன் திரும்பி வந்து, "அவருக்குத் தலைவலீங்க அக்கா" என்றான். பிறகு ஒரு தடவை போய்விட்டு வந்து நிழலில் உட்காரச் சொன்னான்.

ஒரு மணி வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அரிசிம்பருப்பு சோறு செய்து எடுத்து வந்திருந்தேன். பெருந்துறையிலிருந்து மகனைப் பார்க்க வந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய மகனும் வெளியே வரவில்லை.

உங்களிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். போகட்டும்.

வால்வை நீங்கள் சொன்னபடி திருகினேன். சரியாக இருபது விநாடி. நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன், மாறவில்லை. குமிழியெல்லாம் பால் போலப் பொடியாக, அழகாக இருக்கிறது. ஆனால் கோப்பையில் ஒன்றும் விழவில்லை. ஒரு வாரமாகக் காய்ந்தே கிடக்கிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. இது நல்லதா கெட்டதா?

மெர்சி


வெள்ளகோவில்,
12 ஜூலை 2025

மெர்சி,

தலைவலி இல்லை. மாடிச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரமும். நீ நான்கு தடவை தண்ணீர் குடித்தாய். ஒரு தடவை செருப்பைக் கழற்றிக் காலை நீவினாய். இறங்கி வர வேண்டும் என்று படி வரை இரண்டு தடவை வந்தேன். என்ன முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வராதே. இன்னொரு தடவை உன்னை அப்படி உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

இருபது சரி. வால்வை இனித் தொடாதே.

மஞ்சள் தின்கிறதா? மற்ற இரண்டும், அந்த ஆரஞ்சு ஜோடி, எப்படி இருக்கின்றன? எனக்கு எழுது. எப்படி இருந்தாலும் எழுது.

ஜெரோம்


ஒண்டிப்புதூர்,
17 ஜூலை 2025

ஜெரோம்,

மஞ்சள் நன்றாகத் தின்கிறது. கடற்பாசித் தாளைக் கிழித்து நீட்டினால் கைக்கே வருகிறது. முதலில் பயந்தது, இப்போது பழகிவிட்டது. ஆரஞ்சு ஜோடி எப்போதும் போல ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை முழுக்க மின்தடை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை. நீங்கள் வாங்கி வைத்திருந்த பேட்டரிக் காற்றுக்குழாயைப் போட்டுவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் எல்லாம் சுகமாக இருந்தன.

மின்சாரம் வந்ததும் ஜாடி பிடித்தேன். பத்தொன்பதரை. பரவாயில்லையா? குறைக்கவா?

காற்று சீசன் தொடங்கிவிட்டது. மொட்டை மாடியில் துணி நிற்பதில்லை. அடுத்த வீட்டுத் தெய்வாத்தாள் அக்கா உங்களைக் கேட்டார். கரூர்ப் பக்கம் கம்பெனி வேலையாகப் போயிருக்கிறார் என்றேன். அன்றைக்கு வேனைப் பார்த்தவர்தான் அவரும். "அப்புடிங்களா, நல்லதுங்க" என்றார். எத்தனை நல்ல மனசு பாருங்கள்.

மெர்சி


ஒண்டிப்புதூர்,
9 ஆகஸ்ட் 2025, சனி

ஜெரோம்,

இது மூன்றாவது கடிதம். போன இரண்டுக்கும் பதில் வரவில்லை. வராதே என்று எழுதியதால் மூன்றாம் தேதி வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காருங்க, வேளாவேளைக்குச் சாப்பிடறாருங்க, பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு" என்றார்கள்.

பம்பில் ஒரு சத்தம் வருகிறது. மெல்லிய கரகரப்பு. ஜாடி இருபத்து மூன்று விநாடி எடுக்கிறது. உள்ளே சுற்றுகிறதே சின்னச் சக்கரம், அதில் உப்பு படிந்திருக்குமோ? வினிகரில் ஊற வைக்கலாம் என்று மாரப்பன் சொல்கிறார். எத்தனை நேரம் ஊற வேண்டும்? இல்லை, ஐந்நூறு என்று போட்ட பம்பை வாங்கி வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் அதுவே இருபதுக்கு வந்துவிடுமா? இதையாவது எழுதுங்கள். ஒரே ஒரு வரி. வினிகர் என்று எழுதினால் போதும்.

மெர்சி


வெள்ளகோவில்,
26 ஆகஸ்ட் 2025

மெர்சி,

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நமக்கு அதுதான் பழக்கம்.

மீன் எதுவும் உயிரோடு இல்லை என்று எனக்குத் தெரியும். உன் ஜூலை ஏழாம் தேதிக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. ஓட்டம் இருபது விநாடி, குமிழி பால் போல, ஆனால் கோப்பை ஒரு வாரமாகக் காய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஸ்கிம்மர் சரியாக ஓடி, கோப்பையில் ஒன்றும் விழவில்லை என்றால் தண்ணீரில் எடுப்பதற்கு எதுவும் இல்லை. கழிவு இல்லை என்றால் தின்கிற வாய் இல்லை. கடிதத்தை மடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். நேரில் சொல்ல வந்தது அதுதான் என்றும் புரிந்தது. நான்தான் சன்னலில் நின்றேன்.

எப்படி இருந்தாலும் எழுது என்று கேட்டது உனக்கு வழி விடத்தான். மஞ்சள் கைக்கு வந்து தின்கிறது என்று எழுதினாய். அதைப் படித்த பிறகு எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரியும் என்று எழுதினால் நீ உடைந்து போவாய். தெரியாதது போல் எழுதினால், செத்த தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாரா வாரம் விநாடி எண்ண வைக்கிறேன். அதனால் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும்.

இப்போது எழுதப் போவதை ஆலோசகர் படிப்பார். படிக்கட்டும், நேற்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் கொடியேற்றினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். எல்லோரும் முன்பக்கம் நின்றபோது நான் சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ச் சுவர் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். திட்டம் எதுவும் இல்லை. கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. கால் போயிற்று. கரூர் ரோட்டில் கடை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை, நேராகப் போய் நின்றேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. அவர் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இன்னைக்குச் சுதந்திர தினம் லீவுங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வாங்க" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். "இல்லீங்களே" என்று அவரே வருத்தப்பட்டார்.

அந்த ஷட்டருக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்பது நாள் ஆகப் போகிறது, நீ திருந்திவிட்டாய் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நான் திருந்தவில்லை மெர்சி. கடை மூடியிருந்தது, அவ்வளவுதான். முன்வாசல் வழியாகவே திரும்பி உள்ளே வந்தேன். கொடி பார்த்துவிட்டு வருகிறேன் என்று காவலாளி நினைத்துக்கொண்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து நாள் எல்லோருடைய பாராட்டையும் வாங்கிக்கொண்டு திரிந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய். வந்திருக்க மாட்டேன். ரத்தம் அன்றைக்கு முதல் தடவையும் இல்லை.

வருகிற ஆறாம் தேதி தொண்ணூறு நாள் முடிகிறது. சுவர் விஷயத்தைச் சொன்னதால் ஆலோசகர் இரண்டு தாள் எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று வீட்டுக்கு அனுப்ப. இன்னொன்று மேலும் மூன்று மாதம் வைத்திருக்க. நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், எதில் என்று சொல்லுங்கள் என்றேன். "சேத்தவங்கதானுங்க போடோணும்" என்றார். மறுபடியும் உன் தலையில்தான் விழுகிறது. எதில் போட்டாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை அம்மணி. பம்பாக இருந்தால் ஜாடியைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

வினிகரில் ஊற வைக்க வேண்டாம். நிறுத்திவிடு.

ஜெரோம்


ஒண்டிப்புதூர்,
3 செப்டம்பர் 2025, புதன்

ஜெரோம்,

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன். இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஜூன் பதினாறாம் தேதி திங்கட்கிழமை இரண்டாயிரத்தை மாட்டினேன். அன்று பார்க்கும்போது நன்றாகத்தான் ஓடியது, நுரை தளதளவென்று ஏறியது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் வேலை முடிந்து மூன்றரைக்குக் கதவைத் திறந்தால் கூடமெல்லாம் தண்ணீர். கோப்பை வழியாகவே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குழாய் நிற்கும் கீழ்த்தொட்டி காலி. அங்கிருந்து மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இன்னொரு பம்பு வெறும் காற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. மீன்கள் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறைக் குழாயில் ஹோஸைச் சொருகி, கீழ்த்தொட்டி நிறையும்வரை திறந்துவிட்டேன். அறுபது லிட்டர் இருக்கும். சிறுவாணித் தண்ணீர்.

பதினான்கு வருடமாக நர்ஸ். ரத்தத்தில் வெறும் தண்ணீரை ஏற்றினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். கடல் மீனுக்கு வெறும் தண்ணீர் விடக்கூடாது என்று அந்த நேரத்தில் மனதில் வரவில்லை. ஆரஞ்சு இரண்டில் ஒன்று பொழுது இறங்குவதற்குள் போய்விட்டது. மற்றது மறுநாள் காலையில். அதை எடுக்கும்போதுதான் படிக்குக் கீழே நீல டிரம்மைப் பார்த்தேன். வேன் வந்த அன்றைக்கு நீங்கள் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர். மூடி போட்டபடி, நிறைய, அப்படியே இருந்தது. அதில் பாதி விட்டிருந்தாலே போதுமே ஜெரோம்.

மஞ்சள் பன்னிரண்டு நாள் இருந்தது. தின்னவே இல்லை. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி போயிற்று. அதற்கு அடுத்த ஞாயிறு உங்களிடம் சொல்லத்தான் வந்தேன்.

பிறகு ஏன் எழுதவில்லை என்றால், பம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும்தான் நீங்கள் பதில் எழுதினீர்கள். வேறு எதற்கும் எழுதவில்லை. மீன் செத்துவிட்டது என்று சொன்னால் அப்புறம் உங்களிடம் எதைக் கேட்பது? அதனால் ஓட விட்டேன். விநாடிகளை மட்டும் பொய்யாக எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே ஜாடி பிடித்துப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தக் கரகரப்பும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் தெய்வாத்தாள் அக்கா வாசலில் வந்து நின்று, "ஏனுங் மெர்சி, மோட்டாரு நின்னு போச்சாட்ட இருக்குது?" என்றார். "நான்தானுங்கக்கா நிறுத்துனேன்" என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரரை மூன்று தடவை சேர்த்தார்களாம். நமக்கு இத்தனை வருடம் தெரியவே தெரியாது. "நாலாவது தடவை?" என்று கேட்டேன். "நாலாவது தடவைக்கு அவரு இல்லீங்க" என்றார். ரொம்ப நேரம் இருந்துவிட்டு, பால் வாங்கப் போக வேண்டும் என்று எழுந்து போனார்.

சுவர் ஏறியதைப் பற்றி. படித்தவுடன் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தால் சரியாகும் என்றும் இல்லை. நம் பஸ் ஸ்டாப்பிலிருந்து நூறு அடியில் கடை இருக்கிறது. ஏழிலிருந்து மூன்று வரை நான் வார்டில் இருப்பேன். உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேனுக்குப் போன் செய்திருக்க மாட்டேன்.

இரண்டு தாளையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தேன். கோவிலுக்குப் போய் உட்கார்ந்தேன். போதகரம்மாவிடம் கேட்டேன். "ஜெபிக்கலாம் அம்மணி" என்றார். ஜெபித்தோம். எழுந்தபோதும் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் போடப் போகிறேன். அதுதான் சரி என்பதால் இல்லை. நீங்கள் பத்து நாள் வைத்திருந்துவிட்டு ஆலோசகரிடம் போய்ச் சொன்னீர்களே, அது ஒன்றைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. தவறாகப் போனால் அடுத்த நாள் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதே ஆறே முக்கால் பஸ்ஸில் வருகிறேன்.

இன்னொன்று. மூன்று மாதத்தில் ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்று போனில் சொன்னார்கள். பீரோவில் இருக்கும் பேண்ட் எதுவும் இனி நிற்காது. புதிதாக ஒன்று எடுத்து வரலாம் என்று இருக்கிறேன். இடுப்பளவு என்னவென்று எழுதுங்கள். உங்கள் பதில் வருவதற்குள் நானே அங்கே வந்துவிடுவேன், தெரியும். ஆனாலும் எழுதுங்கள்.

மெர்சி